இருபத்திரண்டு பல்

பாதி ஏற்றத்திலேயே லூர்துமேரி நின்றுவிட்டாள். கீழே அடுக்ககத்தின் கேட் அருகில் நின்றிருந்த யோகேஷுக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலைப் பெடலிலிருந்து எடுக்க மறந்தவள்போலக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவள். தொட்டி இன்னும் மேலே இருந்தது. அதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இறங்கி, சைக்கிளைத் திருப்பி, உருட்டிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து லல்லாகூடாவிலிருந்து பஸ் ஏறி நேராக ஏ.எஸ்.ராவ் நகர் வந்திருந்தாள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை தோல் நிறத்தில் இறுக்கமான உறை. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கை வீங்குகிறது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்க முடியாது. பெண்களுக்குப் பஸ் இலவசம் என்று ஆனபிறகு இருக்கும் நெரிசலில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கவும் முடியாது.

"இது சைக்கிளா தம்பி? எங்க தாத்தா வொர்க்ஷாப்ல ரயில் பொட்டி தள்ளுனாரு. அது இதவிட லேசா இருந்திருக்கும்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

"கொஞ்சம் பழகணுங்க்கா."

"இன்னாத்தப் பழகறது? மிதிச்சா நகரணும். ஏர்றப்ப பின்னால யாரோ குந்திக்கினு இருக்கறாப்பல இருக்குது. திரும்பிப் பாத்தேன், ஒருத்தரும் இல்ல."

"இப்ப அப்படித்தான் இருக்கும். ரெண்டு மாசத்துல கால்ல தெம்பு வந்துரும். அப்ப இதுதான் சரியா இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதில் விழுந்தது. அதே வாக்கியம், ஒரு சொல் மாறவில்லை. போன வருஷம் இதே கேட்டில் நின்று மனைவி சௌம்யாவிடம் சொன்னது. லூர்துமேரியின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தான்.

அந்தச் சக்கரத்தை அவன்தான் கட்டினான். நடுவில் இருக்கும் ஹப் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. உள்ளே இரண்டு கியர். மாற்றுவதற்குக் கைப்பிடியில் விசை கிடையாது, கம்பி கிடையாது. சக்கரம் ஒரு வேகத்தைத் தாண்டினால் உள்ளே இருக்கும் சிறு எடைகள் விரிந்து, தானே மேல் கியர் விழும். வேகம் குறைந்தால் தானே இறங்கும். பிரேக்கும் அதற்குள்ளேயே இருந்தது. பெடலைப் பின்பக்கம் அழுத்தினால் வண்டி நிற்கும். விரல்களுக்கு வேலையே இல்லை. அதற்காகத்தான் தேடிப் பிடித்தான். கீமோ மருந்து ஏற ஏற சௌம்யாவின் விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பட்டன் போட முடியாது. தோசைக்கல்லின் சூடு தெரியாது. பழைய சைக்கிளில் கியரை அழுத்திவிட்டு, அழுத்தினோமா என்று குனிந்து பார்ப்பாள். ஒருநாள் அப்படிக் குனிந்தபோது நடைபாதைக் கல்லில் ஏறி விழுந்தாள். அதோடு அந்தச் சைக்கிளைத் தொடவில்லை.

ஹப் எந்த வேகத்தில் கியர் மாற்றும் என்பதை நம்மால் தீர்மானிக்க முடியாது. அது அதற்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் இஷ்டம். அந்த வேகத்தை எட்டுவதற்குக் கால் எவ்வளவு பாரம் தள்ள வேண்டும் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. ஹப்பின் மேல் மாட்டும் பல்சக்கரம் அதைத் தீர்மானிக்கும். பல் குறைந்தால் பாரம் கூடும், வண்டி பறக்கும். பல் கூடினால் லேசு. ஆனால் கால் நிறையச் சுற்ற வேண்டும். ஆகவே ஓட்டப்போகிறவரின் கால் தெரியாமல் பல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது. யோகேஷ் இயந்திரவியல் படித்துவிட்டு மென்பொருளுக்குப் போனவன். கணக்கென்றால் அவனுக்குக் குஷி. சௌம்யாவின் காலை அவன் போனிலிருந்து எடுத்தான். கல்யாணமான புதிதில் தார்நாகா பக்கம் பல்கலைக்கழகச் சாலையில் விடியற்காலையில் ஓட்டிய சவாரிகள் எல்லாம் அதில் பதிவாகியிருந்தன. அவள் வேகம், ஏற்றத்தில் அவள் மிதித்த விதம், எல்லாம். கணக்குப் போட்டால் பதினெட்டுப் பல் என்று வந்தது. கடைக்காரன் இருபத்திரண்டும் ஒன்று வைத்திருந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் சேர்த்து வாங்கினான்.

கணக்கில் பிழை இல்லை. அந்தத் தெம்பான கால் அப்போது அவளிடம் இல்லை என்பது மட்டும்தான். அதுவும் அவனுக்குத் தெரியும். அந்த வாரம்தான் டாக்டர் அவனை மட்டும் வெளியே அழைத்து, நடைவழியில் நிறுத்திப் பேசியிருந்தார். அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பது குடும்பத்தின் விருப்பம் என்றார். திருச்சியிலிருந்து மாமனார் போனில் அழுதுகொண்டே சொன்னார், "சொல்லிராதீங்க மாப்ள, கொழந்தை தாங்க மாட்டா." யோகேஷ் சரியென்றான். அதற்குப் பிறகு வீட்டில் அவன் பேசியதெல்லாம் எதிர்காலம். தீபாவளிக்குத் திருச்சிக்கு டிக்கெட் போட்டான். அடுத்த வருஷம் பால்கனியில் கண்ணாடி போடுவதைப் பற்றி அவளிடம் யோசனை கேட்டான். பதினெட்டுப் பல்லும் அந்த டிக்கெட்டைப் போலத்தான். இருபத்திரண்டை மாட்டினால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தான்.

சௌம்யா அந்தச் சக்கரத்தில் ஏறி அமர்ந்தது ஒரு சாயங்காலம். தலையில் கட்டியிருந்த துணியின் நுனி காற்றில் ஆட, கேட்டிலிருந்து இறக்கத்தில் முதலில் போனாள். டக்கென்று கியர் விழும் சத்தம் அவனுக்கே கேட்டது. "யோகி, இது தானாவே பண்ணுது!" என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நாளாகியிருந்தது. பிறகு திரும்பி ஏற்றத்துக்கு வந்தாள். தோள்கள் இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து ஆடின. இன்று லூர்துமேரி நின்ற இடத்துக்கும் கீழேயே நின்றாள். இறங்கி உருட்டிக்கொண்டு வந்து, ஸ்டாண்டைக் காலால் தேடியபடி சொன்னாள்:

"இது நல்லா இருந்த சௌம்யாவுக்குப் போட்ட கியர்டா. அவ வந்தா ஓட்டிக்கட்டும். எனக்கு ஒண்ணு போடு."

அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னான். ரெண்டு மாசத்துல கால்ல தெம்பு வந்துரும். அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் பார்ப்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. "சரி, மாத்தறேன், அடுத்த வாரம்" என்றான். அடுத்த வாரம் ஆபீஸில் வேலை இருந்தது. அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரி. அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காததை அவன் நிம்மதியாக எடுத்துக்கொண்டான். தீபாவளி டிக்கெட்டை ரத்து செய்தவனும் அவன்தான்.

"என்னா தம்பி, சக்கரத்தையே பாத்துக்கினு?" என்றாள் லூர்துமேரி. கார் நிறுத்தும் தளத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு மாசம் கழிச்சு வர்ற காலு எனக்கு நக்கோ, வேணாம். நாளைக்கு ஸ்கூல் தெறக்குது. மொத பெல்லு நான்தான் அடிக்கணும். நான் லேட்டுன்னா மொத்த ஸ்கூலும் லேட்டு, தெரியுமா? போன வருஷம் நாலஞ்சு தபா அப்பிடி ஆகிப்போச்சு. ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் நல்லவங்கதான், ஆனா இந்த வாட்டி சொல்லிட்டாங்க. 'மேரி, ஒடம்பப் பாத்துக்கோ, வேற ஆளப் போட்டுக்கறோம்'னு. நல்லவங்க அப்பிடித்தான சொல்லுவாங்க."

அவளை அவனுக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரியும். மருந்து ஏற்றும் அறையில் சௌம்யாவுக்குப் பக்கத்து நாற்காலி. சௌம்யா தமிழில் போன் பேசுவதைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரும்மா?" என்று ஆரம்பித்தவள். தமிழ், தெலுங்கு, உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்து நர்ஸ்களைத் திட்டுவாள். சௌம்யா போனபிறகு அவனிடம் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்கள். மெதுவாக, காலி அறையில் பேசுவதுபோல. லூர்துமேரி போன வாரம் போன் செய்து, "அந்தச் சைக்கிள் சும்மாத்தான நிக்குது? எனக்குக் குடு. வெரலுக்கு வேலையில்லாத சைக்கிள்னு சௌம்யா சொல்லிருக்கு" என்றாள். யோகேஷால் மறுக்க முடியவில்லை. மறுக்க அவனுக்குக் காரணமும் தெரியவில்லை.

காரணம் இப்போது தெரிந்தது. சைக்கிளைக் கொடுத்துவிடலாம். அந்தப் பதினெட்டை மட்டும் கழற்றக் கை வரவில்லை. கழற்றினால் சுலபமாகக் கழன்றுவிடும். அன்றைக்கும் இவ்வளவு சுலபம்தான் என்பது தெரிந்துவிடும்.

மேலே போய்க் கருவிப்பெட்டியை எடுத்துவந்தான். இருபத்திரண்டு இன்னும் உறை பிரிக்காமல் இருந்தது.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைக் கழற்றினான். பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு மெல்லிய கம்பி வளையம்தான். அதன் வாயில் திருப்புளியைக் கொடுத்து நெம்பினான். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை வளையம் துள்ளித் தெறித்து, தரையில் ஒருமுறை கிணுங்கி, முதல் மாடிக்காரரின் காருக்கு அடியில் போய்விட்டது.

"அய்யோ, போச்சு" என்றாள் லூர்துமேரி.

யோகேஷ் குப்புறப் படுத்துக் காருக்கு அடியில் நகர்ந்தான். எண்ணெயும் தூசும் நாறின. வளையம் கையெட்டும் தூரத்தில் டயரை ஒட்டிக் கிடந்தது. எடுத்துக்கொண்டான்.

"அந்தப் பெருசு அப்பவே உங்கிட்ட இருந்துச்சா?" மேலிருந்து லூர்துமேரியின் குரல் வந்தது.

"ம்."

"சௌம்யாவும் அதான் சொல்லிச்சு. ரெண்டு வாங்கி வெச்சிருக்கான், சின்னத மாட்டிட்டான்னு. புருஷன அவன் இவன்னுதான் பேசும். நான் சொன்னேன், ஏன்டி, இன்னொரு தபா கேளு, தலகீழா நின்னு கேளு, மாத்திக் குடுக்காம எங்க போயிருவாருன்னு. நக்கோ அக்கான்னிடுச்சு."

அவன் நகரவில்லை. காரின் அடியிலிருந்து பார்க்க, தளத்தின் தூண்களின் அடிப்பாகங்கள் வரிசையாகத் தெரிந்தன. லூர்துமேரியின் செருப்புப் போட்ட பாதங்கள் தெரிந்தன.

"அவன் மாத்த மாட்டான்க்கா, மாத்துனா எனக்குத் தெரிஞ்சு போயிரும்னு பயப்படறான், அப்பிடின்னு சொல்லிச்சு. என்னாடி தெரியும்னு கேட்டேன். சிரிக்குது. ஃபைலு எங்கிட்டதான இருக்கு, எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்னு அவங்க யாருக்குமே தோணல பாருன்னுச்சு. ரெண்டு பேரும் அப்பிடிச் சிரிச்சோம், நர்ஸம்மா வந்து வையற வரைக்கும்." செருப்பைத் தரையில் தேய்த்தாள். "அவனுக்குப் பொய்யே சொல்ல வராதுக்கா, பாவம், இது ஒண்ணத்தான் கஷ்டப்பட்டு சொல்லிக்கினு இருக்கான், இருந்துட்டுப் போவட்டும்னுச்சு."

ஒரு ஸ்கூட்டர் உள்ளே வந்து, அணைந்து, யாரோ படியேறிப் போகும் சத்தம் கேட்டது.

"கெடச்சுதா தம்பி?"

"தேடறேன்" என்றான். வளையம் உள்ளங்கையில் அழுந்திக்கொண்டிருந்தது.

"ஓட்ட ஆசைதான் அதுக்கு. நீ பேகம்பேட்டு ஆபீசுக்குக் கெளம்பிப் போனப்பறம் இங்கயே ஓட்டுமாம். இங்க ஏத்தம் இல்ல பாரு. இந்தத் தூணச் சுத்தி, அந்தத் தூணச் சுத்தி. வாட்ச்மேன் பொண்டாட்டிதான் கேட்டதாம், 'ஏம்மா, ரோட்டுக்குப் போகலாமே'ன்னு. ரோட்டுல போனா பெட்ரோல் செலவாவும்னு சொல்லுச்சாம்." லூர்துமேரி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

யோகேஷ் தூண்களைப் பார்த்தான். நான்கு தூண்கள். இரண்டுக்கு நடுவில் எப்போதும் ஒரு கார் நிற்கும். ஆபீஸ் நேரத்தில் நிற்காது. அங்கே ஒரு சைக்கிள் திரும்பலாம், கொஞ்சம் நெருக்கித் திரும்ப வேண்டும். அவ்வளவு குறைந்த வேகத்தில் மேல் கியர் விழாது. ஒருநாளும் விழுந்திருக்காது. அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டது அந்த ஒரே சாயங்காலம்தான். ஒரு பல்சக்கரத்தை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? டீ ஆறுவதற்குள் முடியும். அவள் ரோட்டுக்குப் போயிருப்பாள். தொட்டிவரை, அதற்கு மேலேயும்கூடப் போயிருப்பாள். அவனுடைய பொய்யை அவன் காப்பாற்றிக்கொள்ளட்டும் என்று தூண்களைச் சுற்றினாள்.

வெளியே நகர்ந்து வந்தபோது சட்டையின் முன்பக்கம் முழுக்கக் கருத்திருந்தது. லூர்துமேரி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து போய்க் குழாயடியில், வந்ததும் அவள் டீ குடித்திருந்த கிளாஸைக் கழுவினாள். அது ஏற்கெனவே கழுவிய கிளாஸ். மறுபடியும் கழுவினாள்.

பதினெட்டைக் கழற்றி இருபத்திரண்டை மாட்டினான். வளையம் இந்தமுறை சொன்னபடி உட்கார்ந்தது. செயின்தான் எட்டவில்லை. அன்று அதைப் பதினெட்டுக்கு அளந்து, கொஞ்சமும் மிச்சமில்லாமல் வெட்டியிருந்தான். வேறு பல் மாட்டப்போவதே இல்லை என்பதுபோல வெட்டியிருந்தான். வெட்டிய துண்டு பெட்டியின் அடியில் இருந்தது. அதிலிருந்து கண்ணிகளைப் பிரித்துச் சேர்த்து, ஊசியை அழுத்தி, மடங்குகிறதா என்று விரலால் அசைத்துப் பார்த்தான். முதலில் இறுக்கமாக இருந்தது. பக்கவாட்டில் வளைத்து வளைத்து இளக்கினான்.

"சமதரையில கால் சும்மா சுத்தும்" என்றான் கடைசியில். "மேல் கியர் அநேகமா விழாது. இறக்கத்துல மட்டும் விழும். பாக்கறதுக்கு வேடிக்கையா இருக்கும், சின்னப் பசங்க சைக்கிள் மாதிரி."

"யாரு பாத்தா என்ன? ஏறுமா, அத சொல்லு."

"ஏறும்."

"அப்பறம் என் காலுக்குத் தெம்பு வந்துச்சுன்னா?"

அவன் நட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு கணம் கை நின்றது. வரும் என்று சொல்ல வாய்வரை வந்தது. வராது என்று சொல்லவும் அவனுக்கு எதுவும் தெரியாது. "வந்தா கொண்டாங்க. மாத்தித் தர்றேன். வந்த அன்னிக்கே."

"ஜரூர், கண்டிப்பா" என்றாள். "இப்ப தொட்டி வரைக்கும் போய்ட்டு வர்றேன். மத்தியானம் எங்க சித்தப்பா மகன் டிராலி ஆட்டோ எடுத்தாருவான், ஏத்திக்கினு போயிருவேன்."

கேட்டைத் தாண்டி ஏற்றத்தில் திரும்பினாள். கால்கள் வேகவேகமாகச் சுற்றின. வண்டி மெதுவாகப் போனது. எதிரே வந்த இரண்டு பெண்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். லூர்துமேரி அவர்களிடம் ஏதோ தெலுங்கில் சொல்ல, அவர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். முதலில் நின்ற இடம் வந்தது. நிற்கவில்லை. குனியவுமில்லை, நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். தொட்டி வந்தது. அங்கே திரும்ப வேண்டும். திரும்பவில்லை. தெரு மறுபக்கம் இறங்கும் இடத்தில் தலை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

யோகேஷ் காத்திருந்தான். வருவாள் என்று துணியால் கையைத் துடைத்தான். பெட்டியை அடுக்கினான். நாற்காலியை ஓரமாகப் போடப் போனபோதுதான் அதன் முதுகில் அவள் கைப்பை தொங்குவதைப் பார்த்தான். உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது.

கிரீஸ் ஒட்டாமல் இரண்டு விரலால் பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தான். ஏற்றத்தில் நடந்தான். சட்டையில் கரி, கையில் ஒரு பெண்ணின் பை. பால்கனியிலிருந்து யாரோ குனிந்து பார்த்தார்கள். பாதியிலேயே அவனுக்கும் மூச்சு வாங்கியது. தொட்டியைத் தாண்டியதும் தெரு முழுவதும் கீழே தெரிந்தது. அடியில் மெயின் ரோடு, பஸ்கள், அதற்கும் முன்னால் லூர்துமேரி. இறக்கத்தில் கால்களை அசைக்காமல் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். துப்பட்டா பின்னால் பறந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

கூப்பிட்டால் நிற்பாள். நின்றால் மறுபடி முதலிலிருந்து மிதிக்க வேண்டியிருக்கும்.

பைக்குள் போன் மீண்டும் அடிக்க ஆரம்பித்தது. பையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, அவள் போகும் திசையில் இறங்கி நடந்தான்.